பழைய கடைவீடு: செப்பனிடுவதா, இடித்துக் கட்டுவதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் நகரின் பழைய கடைவரிசையில் அப்பா மளிகை வியாபாரம் செய்த இரட்டை மாடிக் கடைவீடு, அவர் மறைவுக்குப் பின் ஆறு ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. கூரை ஒழுகியது, பின்கட்டுத் தூணைக் கரையான் அரித்திருந்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாம் என்பது அண்ணனின் எண்ணம். இருப்பதையே செப்பனிடலாம் என்பது என் எண்ணம். முடிவில் செப்பனிட்டோம். கீழே தையல் பொருள் கடை, மேலே எங்கள் குடியிருப்பு என்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே நான் நடுநிலையாளன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புதுக் கட்டடத்தில் மின்கம்பிகளும் குழாய்களும் புதியவை, சுவர்கள் நேரானவை. பழையதில் உயர்ந்த கூரையும் காற்றோட்டமும் உண்டு. இதெல்லாம் எல்லோரும் அறிந்ததே. எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: கட்டட விதிகளின்படி இடித்தால் எவ்வளவு இடத்தை இழப்போம் என்ற கணக்கு.

1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆவது பிரிவுப்படி, புதிதாகக் கட்டினாலும் இருப்பதை மாற்றிக் கட்டினாலும் நகராண்மையிடம் பிளான் கொடுத்து அனுமதி பெற வேண்டும். அதுவரை இரு வழிக்கும் வேறுபாடில்லை. ஆனால் பழைய கட்டடம் தரைமட்டமானதும் அந்த மனை வெற்று நிலமாகிவிடுகிறது. அதன்மேல் எழுவது 1984ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகளுக்கு முழுமையாக உட்பட்டாக வேண்டும்.

எங்கள் மனையின் முகப்பு 18 அடி, அதாவது ஏறத்தாழ 5.5 மீட்டர். கடைக்கு முன்னுள்ள ஐந்தடிப் பாதை, அதாவது கூரையிட்ட நடைபாதை, பெயருக்கேற்ப 1.5 மீட்டர்தான். துணைவிதிகள் கேட்பதோ குறைந்தது 2.25 மீட்டர். முகப்பு முழுவதும் முக்கால் மீட்டர் உள்வாங்கினால் கடையில் 4 சதுர மீட்டர் போய்விடும். காற்றும் வெளிச்சமும் வர நடுவில் திறந்துவிட்டிருக்கும் வானவெளி 4.3 சதுர மீட்டர். இரண்டு மாடி வரையிலான கட்டடத்துக்கு விதி கேட்பது 7 சதுர மீட்டர், அகலமும் 2.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. பழைய மரப்படிக்கட்டு செங்குத்தாக ஏறுவதால் அதற்கு 3 மீட்டர் நீளமே போதும். படியின் உயரம் 180 மில்லிமீட்டருக்கு மிகாமலும் மிதியகலம் 255 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் புதிதாக அமைத்தால், அதே மாடிக்கு ஏற 4.8 மீட்டருக்கு மேல் தேவைப்படும். கூட்டிப் பார்த்தால் கீழ்த்தளத்தில் மட்டும் 8 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 90 சதுர அடி, போகிறது. அகன்ற மனைக்கு இது பொருட்டில்லை. எங்களுக்கு அது இரண்டு கண்ணாடி அலமாரிகள் நிற்கும் இடம். இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டிய பிறகுதான் அண்ணன் இணங்கினார்.

செப்பனிட்டபோது நாங்கள் கைவைத்த கூரை, பின்கட்டு, குளியலறை ஆகியவை மட்டும் புதிய வேலையாகப் பிளானில் காட்டப்பட்டன. மற்றவற்றை உள்ளபடியே ஏற்றார்கள். எல்லா நகராண்மைகளிலும் இப்படித்தான் நடக்கும் என்று என் ஒரு கட்டடத்தை வைத்து என்னால் உறுதி கூற இயலாது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் 1998இல் பழைய கட்டடங்களைச் செப்பனிடுவதற்கென்றே ஒரு துணைவிதித் தொகுப்பை இயற்றியது. அதற்கு முன், செப்பனிடும் செலவு கட்டட மதிப்பில் பாதியைத் தாண்டினால் கட்டடம் முழுவதையும் புதிய விதிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. பின்னர் பழுதுபார்ப்பு, புதுப்பிப்பு, மாற்றம், மறுகட்டமைப்பு என வேலையை வகைபிரித்து, வேலைக்குத் தக்க அளவே நிபந்தனை விதித்தார்கள். தோட்டப்புறச் சிறுநகரங்களில் பூட்டிக் கிடக்கும் கடைவீடுகளைப் பார்க்கும்போதெல்லாம், இங்கும் அத்தகைய தெளிவான வகைப்பாடு வர வேண்டும் என்று ஏங்குகிறேன்.

பழையதை உள்ளபடியே ஏற்கும் இந்த ஆதாயம், கட்டடத்தின் பயன்பாடு மாறாதவரைதான். மாடியில் டியூஷன் வகுப்பு நடத்தலாம் என்று அண்ணன் ஒரு கட்டத்தில் சொன்னார். கட்டடத்தின் பயன்பாட்டைக் கணிசமாக மாற்றுவதையும் 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் மேம்பாடாகவே கருதுகிறது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். பிள்ளைகள் கூடும் இடமென்றால் மரத்தளம் எவ்வளவு நேரம் தீயைத் தாங்கும், வெளியேற மாற்றுவழி உண்டா என்ற கேள்விகளும் எழும். அவை நியாயமான கேள்விகள். அவற்றுக்கு விடை சொல்லும் நிலையில் எங்கள் மாடி இல்லை. எனவே அந்த எண்ணத்தைக் கைவிட்டோம். வகுப்பு நடத்துவதே நோக்கமாக இருந்திருந்தால், அண்ணன் சொன்னபடி இடித்துக் கட்டியிருப்பதே சரி.

பராமரிப்பில் ஒரு பாடம் கற்றோம். பழைய செங்கல் சுவர் சுண்ணாம்புக் கலவையால் ஆனது. ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். முதலில் வந்த கட்டட வேலைக் குத்தகையாளர் அதன்மேல் சிமெண்ட் பூசினார். உள்ளே அடைபட்ட ஈரம் ஓராண்டுக்குள் பூச்சைப் பெயர்த்துவிட்டது. சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பே பூசினோம். அது தெரிந்த கொத்தனாரைத் தேடுவதுதான் கடினமாக இருந்தது. பக்கத்துக் கடையோடு பகிரும் பொதுச் சுவர் ஒன்பது அங்குலம், ஏறத்தாழ 225 மில்லிமீட்டர். விதி கேட்கும் 200 மில்லிமீட்டருக்கு அது குறையவில்லை. இடித்திருந்தால் அண்டைவீட்டாரின் சுவருக்கும் நாங்களே முட்டுக்கொடுத்திருக்க வேண்டும்.

விற்பனை மதிப்பைப் பற்றி அனுபவத்தால் பேச எனக்குத் தகுதியில்லை, நாங்கள் விற்கவில்லை. மாடித்தளத்தின் மர உத்தரங்கள் இன்னும் எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்பதையும் மூன்று ஆண்டுகளில் சொல்லிவிட முடியாது. ஆண்டுக்கொரு முறை தளப்பலகையைக் கழற்றி, சுவருக்குள் செருகியிருக்கும் உத்தர முனைகளில் கரையான் ஏறியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்து வருகிறோம்.