ரீட் கமிட்டடா, சீரியலைசபிளா? போஸ்ட்கிரெஸ்ல எதை வைக்கலாம்

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல ஒரே நேரத்துல பல டிரான்சாக்ஷன் (ஒண்ணா முடியவேண்டிய குவெரிகளோட தொகுப்பு) ஓடும்போது, ஒண்ணோட வேலை இன்னொண்ணை எவ்வளவு பாதிக்கலாம்னு சொல்ற ஐசொலேஷன் லெவல்கள்தான் இவை ரெண்டும். புதுசா ப்ராஜெக்ட் ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் இதுல குழம்புறாங்க, அதனால ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்துடலாம்.

எதைப் பாக்கும்:
ரீட் கமிட்டட் - ஒவ்வொரு குவெரியும் தான் ஆரம்பிக்கும்போது கமிட் ஆகியிருந்ததை (உறுதியா சேமிச்சு முடிஞ்சதை) பாக்கும், அதனால ஒரே டிரான்சாக்ஷனுக்குள்ள அதே செலக்ட்டை ரெண்டு தடவை போட்டா வேற வேற பதில் வரலாம்.
சீரியலைசபிள் - முதல் குவெரி எடுத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டேட்டாவோட நிலைதான்) டிரான்சாக்ஷனோட கடைசி வரைக்கும்.

பாதுகாப்பு: இங்கதான் விஷயமே இருக்கு. மீட்டிங் ரூம் புக்கிங்னு வைங்க, ரெண்டு பேர் ஒரே நேரத்துல 10 மணிக்கு புக்கிங் இருக்கான்னு செலக்ட் பண்றாங்க, ரெண்டு பேருக்கும் காலின்னு வருது, ரெண்டு பேரும் இன்சர்ட் போடுறாங்க.
ரீட் கமிட்டட் - ரெண்டுமே கமிட் ஆயிடும். படிக்கிற ரோவை லாக் பண்ற செலக்ட் ஃபார் அப்டேட் போட்டாலும் தப்பிக்க முடியாது, இல்லாத ரோவை எப்படி லாக் பண்றது?
சீரியலைசபிள் - ஒண்ணு 40001 எரரோட (சீரியலைசேஷன் மோதல்னு அர்த்தம்) ரோல்பேக் ஆகும், அதாவது அது செஞ்சதெல்லாம் ரத்தாகும்.

செலவு:
ரீட் கமிட்டட் - லேசு.
சீரியலைசபிள் - 2011ல வந்த 9.1 வெர்ஷன்ல இருந்துதான் இந்த முழுப் பாதுகாப்பு, படிக்கிறவங்களைக் காக்கவும் வைக்காது, ஆனா யார் எதைப் படிச்சாங்கன்னு கணக்கு வைக்கணும், மோதல் கூடினா ரோல்பேக்கும் கூடும். முழு டிரான்சாக்ஷனையும் மறுபடி ஓட்டுற ரீட்ரை கோட் இல்லாம தயவுசெஞ்சு இதைப் போடாதீங்க.

ஸ்டாக் குறைக்கிற மாதிரி ஒரே அப்டேட்ல, கண்டிஷனோட முடியற வேலைக்கு ரீட் கமிட்டட் தாராளமா போதும். படிச்சுப் பார்த்து முடிவெடுத்து எழுதற வேலைக்கு சீரியலைசபிள், ஆனா அந்த டேபிள்ல எழுதற எல்லா டிரான்சாக்ஷனும் அதே லெவல்ல ஓடணும்.