நிக்கலா, லித்தியமா: எந்த பேட்டரி தேறும்?

கேமரா ஃப்ளாஷிலும் பொம்மையிலும் போடும் டபுள் ஏ நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்து மந்தமாகிவிட்டால் உடனே தூக்கிப் போடாதீர்கள். சுமார் 1 வோல்ட் வரை மெதுவாக இறக்கி, முழுக்க ஏற்றுங்கள். மூன்று நான்கு சுற்றில் பெரும்பாலும் ஓரளவு தேறிவிடும். இதற்கென்றே 'ரிஃப்ரெஷ்' பொத்தான் வைத்த சார்ஜர்கள் உண்டு. ஒரு செட்டை மொத்தமாக இறக்காமல் தனித்தனியாகச் செய்யுங்கள்; இல்லையென்றால் பலவீனமான செல்லில் பிளஸ்-மைனஸ் முனை தலைகீழாகி அது பாழாகும்.

போனில் இருக்கும் லித்தியம் அயனிடம் இந்த வைத்தியம் பலிக்காது. அடிக்கடி பூஜ்யத்துக்கு இறக்கினால் ஆயுள்தான் குறையும். தேய்ந்தது தேய்ந்ததுதான், ஃப்ரீசரில் வைத்தால் மீளும் என்பதெல்லாம் கதை. சூட்டில் விடாதீர்கள், நீண்டநாள் ஒதுக்கிவைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள், அவ்வளவுதான். சதவீதம் தாறுமாறாகக் காட்டுகிறதா? சரி, ஒருமுறை முழுதாக இறக்கி ஏற்றுங்கள். அதில் சரியாவது கணக்குதான், பேட்டரி அல்ல. உப்பிவிட்டால் குத்தவோ அழுத்தவோ கூடாது, மின்கழிவில் கொடுத்துவிடுங்கள்.

எடையும் இடமும் முக்கியம் என்றால் லித்தியத்துக்கு மாற்றில்லை. டார்ச்சுக்கும் பொம்மைக்கும் என் ஓட்டு நிக்கலுக்கே.