நீர் லென்ஸ் கண் மாதிரி: எதைச் சரியாகக் காட்டுகிறது, எங்கே சறுக்குகிறது

கிட்டத்தில் பார்க்கும்போது கண்ணின் முன்புறத்தில் இருக்கும் ஒளிபுகும் படலமான கார்னியாதான் புடைத்துக்கொள்கிறது என்ற நம்பிக்கை இன்னும் பல வகுப்பறைகளில் உயிரோடு இருக்கிறது. கோழிக்கும் புறாவுக்கும் அது ஓரளவு பொருந்தும், மனிதருக்குப் பொருந்தாது. ஆங்கிலேய விஞ்ஞானி தாமஸ் யங் தன் கண்ணைத் தண்ணீரோடு ஒட்டவைத்துக் கார்னியாவின் ஒளிவிலக்கத்தை ஏறக்குறைய இல்லாமலாக்கிப் பார்த்தார். அப்போதும் தொலைவுக்கும் கிட்டத்துக்கும் பார்வையை மாற்ற முடிந்தது, அதாவது மாறுவது உள்ளே இருக்கும் லென்ஸ்தான். 1801-லேயே வெளிவந்துவிட்ட சோதனை இது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வாங்கும் பொருள்தான் நீர் லென்ஸ் கண் மாதிரி: முன்னால் அசையாத பிளாஸ்டிக் கார்னியா, உள்ளே சிலிக்கோன் படலத்தாலான லென்ஸ், அதற்குத் தண்ணீர் செலுத்தும் சிரிஞ்சு, பின்னால் நகரும் விழித்திரை.

முதல் தடுமாற்றம் காற்றுக்குமிழி. கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும். பச்சைத் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று சிறிது நேரத்தில் குமிழியாகப் பிரிந்து லென்ஸின் மேற்பகுதியில் ஒட்டிக்கொள்ளும், பிம்பத்தைக் கெடுக்கும். குழாய் வாய் மேலே இருக்கும்படி லென்ஸைப் பிடித்து, மெதுவாகத் தள்ளி, இழுத்து, மறுபடி தள்ள வேண்டும். இரண்டு மூன்று முறையில் காற்று வெளியேறிவிடும். சிரிஞ்சு இணைப்பில் கசிவு இருந்தால் கூர்மை தானாகவே நழுவும். பிம்பம் நிற்கவில்லை என்று லென்ஸைக் குறை சொல்லுமுன் அந்த இணைப்பைத் துடைத்துப் பாருங்கள்.

அடுத்தது தொய்வு. படலம் செங்குத்தாக நிற்பதால் நீரின் எடை அடிப்பகுதியை அதிகம் புடைக்கவைக்கும். ஒளிப்புள்ளி மேலும் கீழுமாக வால் விட்டு இழுபடுவது இதனால்தான். லென்ஸுக்கு முன்னால் சிறு துளையிட்ட கறுப்பு அட்டையை வைத்தால் பாதிக்கு மேல் சரியாகிவிடும். அதுவே, கண்ணுக்குள் போகும் ஒளியைக் கட்டுப்படுத்தும் ஐரிஸ் என்று சொல்லிக்கொள்ளலாம்!

அளவு சரிபார்க்க எளிய வழி உண்டு. தூரத்து ஜன்னலின் பிம்பத்தைத் திரையில் கூர்மையாக்கிவிட்டு, விழித்திரையைத் தொடாமல், கார்னியாவிலிருந்து 50 செ.மீ.யில் ஒரு விளக்கை வையுங்கள். கூர்மை திரும்ப ஏறத்தாழ 2 டயாப்டர் (லென்ஸின் குவிக்கும் திறனின் அலகு) கூடுதல் வேண்டும். 25 செ.மீ.க்கு 4, 10 செ.மீ.க்கு 10. பத்து வயதுக் குழந்தையின் கண் 10 டயாப்டருக்கு மேலும் கூட்டும். ஐம்பதை நெருங்கும்போது 2-க்கு அருகில் வந்துவிடும். சிரிஞ்சின் தண்டு பாதி தூரத்துக்கு மேல் போகாமல் ஒரு காகிதத் துண்டால் தடுத்தால், வயதாகும்போது கிட்டத்துப் பார்வை மங்கும் வெள்ளெழுத்து கண்முன் வந்து நிற்கும். வாசிப்புக் கண்ணாடியின் குவிலென்ஸை முன்னால் வைத்ததும் அது தீர்வதையும் காட்டலாம். வாங்கத் தகுந்தது என்று சொல்லவைப்பது இந்தப் பகுதிதான்.

கார்னியாவைக் கழற்ற முடிகிற மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். நிஜக் கண்ணின் சுமார் 60 டயாப்டரில் 43 கார்னியாவுடையது. மாதிரியில் கார்னியாவை எடுத்த பின்னும் சிரிஞ்சைத் தள்ளியே பிம்பத்தை மீட்க முடிந்தால், அந்தக் கார்னியா வெறும் மூடிதான். அசையாத உறுப்பு என்பதும் வேலை செய்யாத உறுப்பு என்பதும் ஒன்றல்ல. மலிவான மாதிரிகள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

பெரிய பொய் சிரிஞ்சில்தான் இருக்கிறது. நிஜ லென்ஸுக்குள் யாரும் எதையும் செலுத்துவதில்லை. லென்ஸைச் சுற்றி வளையமாக இருக்கும் சிலியரி தசை சுருங்கும்போது அதன் வளையம் குறுகுகிறது, லென்ஸைச் சுற்றி இழுத்துப் பிடித்த நார்கள் தளர்கின்றன, லென்ஸ் தன் மீள்தன்மையால் உருண்டுகொள்கிறது. கன அளவு மாறுவதில்லை. அதனால் மாதிரியோடு, பாதி நீர் நிரப்பிய பலூனில் எட்டு இடங்களில் நூல் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா நூலையும் இழுத்தால் தட்டையாகும், விட்டால் உருளும்.

வேலை முடிந்ததும் நீரை வடித்து, லென்ஸை உலரவிட்டே பெட்டியில் வைக்க வேண்டும். நிரம்பியபடியே விட்டால் படலம் நீண்டுபோய், அடுத்த முறை தொலைப்பார்வை நிலைக்குத் திரும்பாது.