ஏற்காட்டுக்கு வாடகைக் கார்: முன் இருக்கைக்குப் பாராட்டு, பின் இருக்கைக்குக் குறை

சேலம் ஜங்ஷனிலிருந்து ஏற்காட்டுக்குக் குடும்பத்தோடு சென்றுவர நாங்கள் அமர்த்திய வாடகைக் கார் நேரத்துக்கு வந்தது, சுத்தமாக இருந்தது, கட்டணமும் பேசியபடியே வாங்கினார்கள். விரிவாக எழுத வேண்டியது, சீட் பெல்ட் விஷயத்தில் அவர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பற்றித்தான்.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட இந்தத் தடத்தில், நகருக்குள் போலீசாருக்காகப் பெல்ட் அணிந்துவிட்டு, மலை ஏறத் தொடங்கியதும் கழற்றிவிடும் ஓட்டுநர்களைப் பார்த்திருக்கிறேன். வண்டி பள்ளத்தில் சாய்ந்தால் குதித்துத் தப்ப வேண்டாமா என்பது அவர்கள் சொல்லும் காரணம். உருளும் வண்டியிலிருந்து குதிக்க யாருக்கும் அவகாசம் கிடைப்பதில்லை. பெல்ட் இல்லாதவர் தூக்கி எறியப்படுகிறார், அவ்வளவுதான். எங்கள் ஓட்டுநர் கடைசிவரை கழற்றவில்லை. நேற்றுதான் லைசென்ஸ் எடுத்தாயா என்று ஸ்டாண்டில் மற்றவர்கள் கேலி செய்வதையும் அவரே சிரித்தபடி சொன்னார்.

முன்னால் அமர்ந்த என் மாமனார், பெல்ட் அணிவது ஓட்டுபவரை நம்பாததற்குச் சமம் என்று நினைக்கும் தலைமுறையைச் சேர்ந்தவர். "நீங்க நல்லா ஓட்டுவீங்க தம்பி, எனக்கெதுக்கு அது?" என்றார். அந்த இளைஞர் வாதாடவில்லை. "நீங்க போடலைன்னா முதலாளி என்னையத்தான் கேப்பாருங்கய்யா" என்று சொல்லிவிட்டு, வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தார். 1000 ரூபாய் அபராதத்தைச் சொல்லியிருந்தால் வீம்புக்கு மறுத்திருக்கக்கூடிய மனிதர், அந்தப் பையனுக்கு ஏச்சு விழக்கூடாதே என்று பேசாமல் மாட்டிக்கொண்டார். பெரியவர்களின் மதிப்புக் குறையாமல் இணங்க வைக்கும் இந்தப் பக்குவத்துக்காகவே இவர்களை மீண்டும் அழைப்பேன்.

பின் இருக்கையில் கதை வேறு. அங்கும் பெல்ட் சட்டப்படி கட்டாயம். 2022-இல் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின் இருக்கையில் பெல்ட் அணியாமல் இறந்தபோது நாடே இதைப் பேசியது. இந்த வண்டியிலோ பளபளப்பான சீட் கவர், பெல்ட்டை மாட்டும் பக்கிள்களை மூடித் தைக்கப்பட்டிருந்தது. தையலோரம் விரலை நுழைத்துத் துழாவியதில் ஒன்று மட்டும் அகப்பட்டது. பின்னால் இருந்த பெண்களிடம் பெல்ட்டைப் பற்றிச் சொல்ல ஓட்டுநருக்கும் கூச்சம். மோதலில் பின்னால் இருப்பவர் முன் இருக்கையின்மீது வந்து விழுந்தால், மாமனார் அணிந்த பெல்ட்டின் பயனில் பாதி போய்விடும்.

திரும்பியதும் அலுவலகத்தில் இதைச் சொன்னேன். கவரை வெட்டித் தைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை இவர்களிடம் வண்டி பேசுபவர்கள், பின் இருக்கை பக்கிள்களை வெளியே எடுத்து வைத்து அனுப்பும்படி முன்பதிவின்போதே கேட்டுக்கொள்வது நல்லது.