அகத்தி தீவா, மினிக்காய் தீவா?

லட்சத்தீவுக்குப் போகலாம் என்று முடிவு செய்பவர்கள் அடுத்து குழம்புவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். வெள்ளை மணலும், பவளத்திட்டு அணைத்து நிற்கும் ஆழமில்லாத நீலக்கடலும் இரண்டிலும் உண்டு. கடற்கரையை மட்டும் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

போய்ச் சேரும் வசதியில் அகத்திதான் மேல். கொச்சியிலிருந்து விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து பங்காரம் தீவுக்கும் படகில் போய்வரலாம். மினிக்காய்க்குப் பெரும்பாலும் கப்பல்தான். கொச்சியிலிருந்து சுமார் 400 கி.மீ.; ஓர் இரவு கடலில் கழியும். அலை ஒத்துக்கொள்ளாதவர்கள் யோசிக்க வேண்டும்.

ஆனால் மீன்பிடியைப் பார்க்க வேண்டுமென்றால் நான் தயங்காமல் மினிக்காய் என்றுதான் சொல்வேன். அகத்திக்காரர்களும் சூரை மீன் (டூனா) பிடிப்பதில் கெட்டிக்காரர்கள். என்றாலும் நீண்ட கழியில் கட்டிய தூண்டிலால் ஒவ்வொரு மீனாகப் பிடிக்கும் கழித்தூண்டில் முறை மினிக்காயிலிருந்துதான் மற்ற தீவுகளுக்குப் பரவியது. முதலில் கரையோரத்தில் பொடிமீன்களை வலைபோட்டுப் பிடித்து, படகின் தொட்டியில் உயிரோடு வைத்துக்கொள்கிறார்கள். ஆழ்கடலில் பறவைகள் வட்டமிடும் இடத்தில் சூரைக் கூட்டம் இருக்கும். அங்கே பொடிமீனை வீசி, கடல்மேல் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். கூட்டம் இரையில் மயங்கி நிற்கும்போது, பின்தட்டில் வரிசையாக நிற்பவர்கள் கழியைச் சுண்டுவார்கள். தூண்டிலில், மாட்டிய மீன் நழுவாமல் தடுக்கும் எதிர்முள் கிடையாது. மீன் பறந்து வந்து தட்டில் விழுந்ததும் தானாகக் கழன்றுகொள்ளும். வலையில் வாரி எடுப்பதுபோல் வேண்டாத உயிர்கள் இதில் பெரும்பாலும் சிக்குவதில்லை. இந்த முறை நிலைத்திருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புவது அதனால்தான்.

பிடித்த சூரையை நீளவாக்கில் அரிந்து, உப்புநீரில் வேகவைத்து, புகைபோட்டு, வெயிலில் கட்டைபோல் இறுகும்வரை காயவைக்கிறார்கள். தூத்துக்குடிப் பக்கத்தார் நன்கறிந்த மாசிக் கருவாடு இதுதான்.

அகத்தியில் மலையாளச் சாயலுள்ள ஜெசரி பேசுகிறார்கள். மினிக்காயில் பேசுவதோ மாலத்தீவு மொழியின் ஒரு வடிவமான மஹல். ஊர் நடைமுறையிலும் மாலத்தீவின் சாயல் தெரியும். 1885இல் கட்டிய கலங்கரை விளக்கமும் அங்கே இருக்கிறது.

நாலே நாள் விடுப்பு, கூடவே சின்னக் குழந்தைகள் என்றால் அகத்தி போதும். ஒரு வாரம் ஒதுக்க முடிந்தால் மினிக்காய். எதுவானாலும் மழைக்காலம் முடிந்து, அக்டோபருக்குப் பிறகு போங்கள். நுழைவு அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். அது கையில் இல்லாமல் கப்பலிலும் ஏற்றமாட்டார்கள், விமானத்திலும் ஏற்றமாட்டார்கள்.