பர்பெரி டிரெஞ்ச் கோட்டா, பார்பர் மெழுகு ஜாக்கெட்டா?

இங்கிலாந்து மழைக்கு ஆயுசுக்கும் ஒரே கோட்டாக வாங்கிவிடலாம் என்று கிளம்பினால், உடைப் பித்து உள்ளவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டு பெயர்களில்தான். எங்கள் வீட்டுக் கொக்கியில் இப்போது இரண்டுமே தொங்குகின்றன. நீர் இறங்காமலிருக்கப் பருத்தித் துணியில் மெழுகேற்றிய பார்பர் ஜாக்கெட் என்னுடையது, பர்பெரி என் மனைவியுடையது. நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாமஸ் பர்பெரி 1856-ல் பேசிங்ஸ்டோக்கில் கடை திறந்தவர். நெய்து முடித்த துணிமேல் ரப்பரைப் பூசாமல், நூலுக்கே நீர்காப்பு ஏற்றி அப்புறம் நெருக்கமாக நெய்தால் காற்றோட்டமும் இருக்கும், மழையும் இறங்காது என்று கண்டுபிடித்து 1879-ல் கேபர்டீன் என்ற துணியைக் கொண்டுவந்தார். முதல் உலகப் போரில் அதிகாரிகள் போட்ட கோட்டுதான் டிரெஞ்ச். தோள்பட்டையில் இருக்கும் பட்டியும் பெல்ட்டில் இருக்கும் டி வடிவ வளையமும் அந்தக் காலத்து மிச்சம். பார்பர் வந்த வழி வேறு. வடகிழக்கே சவுத் ஷீல்ட்ஸ் துறைமுகத்தில், 1894-ல் ஜான் பார்பர் கடலோடிகளுக்கும் மீனவர்களுக்கும் எண்ணெய்த்துணி விற்று ஆரம்பித்தார். அந்தக் குடும்பத்து மருமகள் மார்கரெட் பார்பர் 1983-ல் வடிவமைத்த போஃபோர்ட் மாடல்தான் என்னிடம் இருப்பது. வேட்டைக்காரர்களுக்காகச் செய்தது என்பதால் முதுகுப்பக்கம் சுட்ட பறவையைப் போட ஒரு பெரிய பை உண்டு. நான் அதில் மடித்த துணிப்பையும் செய்தித்தாளும் வைத்துக்கொள்கிறேன். மழையில் நனையாது.

அழகு என்று கேட்டால் டிரெஞ்ச்தான். இதில் நான் வாதாடப் போவதில்லை. பெல்ட்டைக் கொக்கியில் மாட்டாமல் சும்மா முடிச்சுப் போட்டு விட்டாலே ஆள் மாறிவிடுகிறார். காலரைப் பிடித்துப் பார்த்தால் காசு எங்கே போனது என்று புரியும். யார்க்‌ஷயரில் காசில்ஃபோர்டு தொழிற்சாலையில் தைக்கிறார்கள், காலர் கழுத்தோடு வளைந்து உட்காருவதற்கென்றே கைத்தையல் போடுகிறார்கள். பட்டுப்புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போகலாம், மறுநாள் அதையே அலுவலகத்துக்கும் போடலாம். என் ஜாக்கெட்டோடு பட்டுப்புடவையை உரச விட்டால் வீட்டில் சண்டை நிச்சயம், மெழுகுக் கறை லேசில் போகாது.

விலையில் பேச ஒன்றுமில்லை. புது டிரெஞ்ச் 2000 பவுண்டை ஒட்டி, போஃபோர்ட் 300 பவுண்டை ஒட்டி. ஆனால் எனக்கு முடிவைச் சொன்னது விலை இல்லை. வாங்கியபின் அதை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான்.

டிரெஞ்ச் கோட்டை வீட்டில் துவைக்க முடியாது, டிரை கிளீனிங்தான். அதுவும் தெருமுனைக் கடையில் கொடுத்துவிட முடியாது. பெல்ட்டிலும் மணிக்கட்டுப் பட்டியிலும் தோல் சுற்றிய கொக்கிகள் இருக்கின்றன, அவற்றைக் கழற்றிவைத்துவிட்டுச் சுத்தம் செய்யத் தெரிந்த ஆள் வேண்டும். எங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் கொடுத்தபோது ஒரு கொக்கியின் தோல் உரிந்து வந்தது. மாற்றுக் கொக்கி தேடி அலைந்தது தனிக் கதை. பர்பெரியே பழுது பார்த்துத் தருகிறது, நீர்காப்பும் புதுப்பித்துத் தருகிறது. ஆனால் எதற்கும் நாம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தேன் நிறத் துணியில் ஒரு சொட்டு சாம்பார் விழுந்தால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. இந்தப் பயத்திலேயே நல்ல மழை நாளில் அது கொக்கியில் தொங்குகிறது, மனைவி குடையை எடுத்துக்கொண்டு போகிறார்!

பார்பரில் அந்தப் பயமே இல்லை. சேறு பட்டால் காயவிட்டு பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பச்சைத் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். வெந்நீர் கூடாது, சோப்பு கூடாது, வாஷிங் மெஷின் கூடவே கூடாது. மெஷினில் போட்டால் மெழுகு போய்விடும், அப்புறம் அது வெறும் பருத்திச் சட்டை.

வருடத்துக்கு ஒருமுறை மெழுகேற்ற வேண்டும். பலர் இதைக் கேட்டுத்தான் பார்பர் வேண்டாம் என்கிறார்கள். நான் இதற்காகத்தான் வாங்கினேன் என்றே சொல்லலாம். மெழுகு டப்பாவின் மூடியைத் திறந்து, வெந்நீர் உள்ள பாத்திரத்தில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் உருகி எண்ணெய் மாதிரி ஆகிவிடும். பைகளைக் காலி செய்துவிட்டு ஜாக்கெட்டைப் பழைய பேப்பர்மேல் விரித்து, ஒரு பழைய பனியன் துணியை மெழுகில் தோய்த்து, உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். எங்கே சாயம் வெளிறி வறண்டு தெரிகிறதோ அங்கேதான் துணி மெழுகைக் குடிக்கும். முழங்கை மடிப்பு, தோள் தையல், பையின் வாய், இந்த மூன்று இடங்களுக்கும் தாராளமாகப் போடுங்கள், மழை முதலில் உள்ளே வருவது அங்கேதான். கார்டுராய் காலரிலும் உள் லைனிங்கிலும் பட்டுவிடக் கூடாது. ஆறும்போது மெழுகு வெள்ளையாகத் திட்டுத்திட்டாக நிற்கும், பதற வேண்டாம். ஹேர் டிரையரைக் காட்டினால் இளகித் துணிக்குள் போய்விடும், பச்சை நிறம் கருத்து மேலே வரும். ராத்திரி முழுக்கத் தனியாக, மற்ற துணி எதுவும் படாத இடத்தில் தொங்கவிட வேண்டும்.

ஒரு சாயங்கால வேலை, ஒரு டப்பா மெழுகு. அடுத்த ஒரு வருடத்துக்கு ஜாக்கெட்டைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. கிழிந்தாலும் கவலை இல்லை, கம்பெனிக்கே அனுப்பினால் ஒட்டுப்போட்டு, ஜிப் மாற்றி, லைனிங் புதுப்பித்துத் தருவார்கள். ஒட்டுப்போட்ட பார்பருக்கு இங்கே மதிப்பு கூடத்தான் செய்கிறது, கிராமத்துப் பெரிய மனிதர்கள் விளிம்பு நைந்த ஜாக்கெட்டைத்தான் பெருமையாகப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். டிரெஞ்சில் ஒரு நூல் பிரிந்தாலும் அது குறைதான்.

குறை இல்லாமல் இல்லை. மெழுகேற்றிய முதல் சில நாட்களுக்கு வாசனை தூக்கும், பேருந்தில் பக்கத்து சீட்காரர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். வெளிர் நிறக் கார் சீட்டில் சாய்ந்து உட்காரக் கூடாது. இடுப்புக்குக் கொஞ்சம் கீழேயே ஜாக்கெட் முடிந்துவிடுவதால், வழியும் தண்ணீர் நேரே தொடையில் இறங்கி ஜீன்ஸை நனைக்கும். இந்த இடத்தில் முழங்கால்வரை இறங்கும் டிரெஞ்ச் ஜெயிக்கிறது. ஜனவரிக் குளிருக்கு போஃபோர்ட் தனியாகத் தாங்காது, உள்ளே ஸ்வெட்டரோ தனியாக விற்கும் லைனரோ வேண்டும். தொப்பியும் தனிக் காசுதான். ஊருக்கு எடுத்துப்போகும் யோசனை இருந்தால் இரண்டு தடவை யோசியுங்கள். சென்னை வெயிலில் மெழுகு இளகிப் பிசுபிசுக்கும், காற்றோட்டம் இல்லாத பீரோவில் பூஞ்சையும் பிடிக்கும்.

பார்பரில் பெண்களுக்கான பீட்னெல் மாடலைப் பற்றி, மனைவி கடையில் போட்டுப் பார்த்தபோது கண்டதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது. இடுப்பில் வடிவம் பிடித்து நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா புடவைக்கு ஆகாதே" என்று கழற்றி வைத்துவிட்டார். அவர் கணக்கில் அதுவும் சரிதான்.

டிரெஞ்ச்தான் வேண்டும் என்றால் லண்டன் ரீஜென்ட் தெருவில் உள்ள பர்பெரி கடைக்குப் போய்க் கையால் தொட்டுப் பாருங்கள், போட்டுப் பாருங்கள், வாங்க மட்டும் வேறு இடம் தேடுங்கள். மேரில்போன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் பிஸ்டர் வில்லேஜ் அவுட்லெட். அதைவிட செகண்ட் ஹேண்ட் கடைகளே மேல். லேபிளில் பர்பெரிஸ் என்று கடைசியில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தால் அது 1999-ல் பெயரைச் சுருக்குவதற்கு முந்தைய கோட்டு. கேபர்டீன் கெட்டியாக இருக்கும், விலையும் புதியதில் ஒரு சின்னப் பங்குதான். போலிகள் நிறைய உண்டு என்பதால் கட்டம் போட்ட லைனிங் தையலில் எப்படிச் சேர்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். சுற்றுலா வருபவர்களுக்கு இன்னொன்று: முன்போல விமான நிலையத்தில் வாட் வரியைத் திரும்ப வாங்குவது லண்டனில் 2021 தொடக்கத்திலிருந்து கிடையாது. அந்தக் கழிவை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

பழைய பார்பர் வாங்கினால் வெளிறல், சின்னக் கிழிசல், ஜிப் பழுது எதற்கும் பயப்பட வேண்டாம், எல்லாம் சரிசெய்யக் கூடியவை. துணியை விரலால் தேய்த்துப் பாருங்கள். கொஞ்சமாவது பிசுக்கும் கனமும் இருக்க வேண்டும். மொடமொடப்பே இல்லாமல் தலையணை உறை மாதிரி மெத்தென்று இருந்து, சோப்பு வாசனையும் வந்தால் யாரோ மெஷினில் போட்டிருக்கிறார்கள். மறுபடி மெழுகேற்றினாலும் சீராகப் பிடிக்காது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை வாங்காதீர்கள்.