புதியது என்று சொல்லிப் பழைய வாஷிங் மெஷினைத் தலையில் கட்டினார்கள்: ரூ.37,500 போயிற்று, பெங்களூர்வாசிகள் கவனிக்கவும்

தயாரிப்பு நிறுவனத்தின் சர்வீஸ் ஊழியர் வந்து பார்த்துவிட்டுப் போன கையோடு இதை எழுதுகிறேன். போன ஆயுத பூஜைத் தள்ளுபடியின்போது, புறவட்டச் சாலையை ஒட்டியுள்ள ஒரு பெரிய வீட்டுப்பொருள் கடையில் நாங்கள் வாங்கிய ஏழு கிலோ பிரண்ட் லோடு வாஷிங் மெஷின் புதியதே அல்ல என்றும், எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அது வேறொருவர் வீட்டில் ஓடித் தேய்ந்தது என்றும் இன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. மெஷினுக்கு ரூ.32,500, கூடுதல் வாரண்டி என்று ரூ.3,900, கீழே வைக்கும் ஸ்டாண்டுக்கு ரூ.1,100, ஆக மொத்தம் ரூ.37,500. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. எந்த மெஷின் நீடித்து உழைக்கும், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஆத்திரம் அடங்காததால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடைக்குப் போனபோது எங்களுக்கு இருந்த ஒரே நிபந்தனை, வாங்கும் மெஷின் பத்து ஆண்டுகளாவது தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதுதான். நானும் என் மாமியாரும் தமிழில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு ஒரு விற்பனையாளர் தாமாகவே அருகில் வந்தார். "அக்கா, நானும் கிருஷ்ணகிரிதான். நம்ம ஆளுங்களுக்குப் போய்த் தப்பான பொருளக் குடுப்பேனா?" என்றார். இந்தப் பேச்சை மட்டும் நம்பி யாரும் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுவதில்லை. நாங்கள் ஒன்பது கிலோ மெஷின் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "நாலு பேருக்கு ஏழு கிலோ போதும்க்கா, ஏன் வீணா ஆறாயிரம் அதிகமாக் குடுக்கறீங்க?" என்று அவரே தடுத்தார். விலை அதிகமான பொருளை வேண்டாம் என்று சொல்லும் விற்பனையாளரை யார்தான் சந்தேகிப்பார்கள்? "பையன் நல்ல பையனா இருக்கான்" என்று மாமியார் என் காதோடு சொன்னார். அந்த விற்பனையாளர் கைகாட்டிய ஏழு கிலோ மெஷினின் மேல் "10 ஆண்டு வாரண்டி" என்று பெரிதாக ஒட்டியிருந்தது. கூடுதலாக ரூ.3,900 கட்டினால் ஐந்து ஆண்டுகளுக்கு எந்தப் பாகம் போனாலும் ஒரு பைசா செலவில்லை என்றும் சொன்னார். அங்கேயே கார்டைத் தேய்த்துவிட்டோம்.

மெஷின் வீட்டுக்கு வந்தபோது அட்டைப்பெட்டி இல்லை. லிஃப்டில் நுழையவில்லை, அதனால் கீழேயே பிரித்துவிட்டோம் என்று கொண்டுவந்த ஆட்கள் சொன்னார்கள். எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் பீரோவே ஏறியிருக்கிறது. புதிய பிரண்ட் லோடு மெஷினில், வண்டியில் வரும்போது டிரம் ஆடாமல் இருப்பதற்காகப் பின்பக்கத்தில் நீளமான போல்ட்டுகளை முடுக்கியிருப்பார்கள். வீட்டில் பொருத்தும்போது அவற்றைக் கழற்றி நம் கையில் கொடுக்க வேண்டும், ஏனென்றால் வீடு மாறும்போது அவை மீண்டும் தேவைப்படும். அந்த போல்ட்டுகள் எங்கே என்று என் கணவர் கேட்டதற்கு, "கழட்டிப் போட்டாச்சு சார், அது ஸ்கிராப்" என்ற பதில்தான் வந்தது. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் மடிப்பை விரித்துப் பார்த்தபோது உள்ளே கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. "கம்பெனியில டெஸ்ட் பண்ணி அனுப்புவாங்க மேடம், அந்தத் தண்ணி" என்றார்கள். தொழிற்சாலையில் தண்ணீர் விட்டுச் சோதிப்பதும், புது மெஷினில் சிறிதளவு ஈரம் மிச்சமிருப்பதும் உண்மைதான். அந்த உண்மையை வைத்தே எங்களை ஏமாற்றினார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். அதே மடிப்பிலிருந்து, எங்கள் வீட்டில் யாருடைய சட்டையிலும் இல்லாத ஒரு நீல நிறப் பொத்தானை மறுநாள் என் மாமியார் எடுத்தார். கடையில் கேட்டதற்கு, டெமோ காட்டும்போது விழுந்திருக்கும் என்றார்கள். பொருத்துவதற்குத் தயாரிப்பு நிறுவனத்தின் ஆள் வர நான்கு நாள் ஆகும் என்று சொல்லி, அதையும் அவர்களே முடித்து, சீரியல் எண் இருக்கும் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள்.

சில மாதங்களிலேயே ஸ்பின் ஓடும்போது கரகரவென்று சத்தம் வரத் தொடங்கியது. போகப்போக, பக்கத்து வீட்டார் கதவைத் தட்டிக் கேட்கும் அளவுக்கு அது வளர்ந்தது. இன்று வந்த ஊழியர் டிரம்மைக் கையால் மேலும் கீழும் அசைத்துக் காட்டினார். அது தளர்ந்துபோய் ஆடியது. பின்மூடியைக் கழற்றியபோது, பெல்ட் சக்கரத்துக்குக் கீழே துருவேறிய தண்ணீர் வழிந்து காய்ந்த கோடு தெரிந்தது. தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் கசிந்து, டிரம் சுழல உதவும் பேரிங்குக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்றார். இந்த மாடலில் டிரம்மைச் சுற்றியுள்ள வெளித் தொட்டியான டப் இரண்டு பாதிகளாக வார்த்து ஒட்டப்பட்டது என்பதால் பேரிங்கை மட்டும் மாற்ற வழியில்லை, முழு டப்பையும் மாற்ற வேண்டும், பதினான்காயிரம் ரூபாய் ஆகும் என்றும் சொன்னார். வாரண்டி இருக்கிறதே என்றோம். அவர் சீரியல் எண்ணைத் தம் போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "இது 2022 தயாரிப்பு மேடம், 2023-லயே வேற ஒரு அட்ரஸ்ல இன்ஸ்டால் ஆயிருக்கு" என்றார். இரண்டு ஆண்டு முழு வாரண்டி, நாங்கள் வாங்கும் முன்பே முடிந்துபோயிருக்கிறது. பத்து ஆண்டு என்று ஒட்டியிருந்தது மோட்டாருக்கு மட்டும். மோட்டாருக்கோ ஒரு குறையும் இல்லை.

உடனே கடைக்குத் தொலைபேசியில் பேசினோம். மேலாளர், "எங்க சிஸ்டத்துல புது பீஸ்னுதான் இருக்கு, நீங்க கம்பெனியில பேசுங்க" என்றார். வாடிக்கையாளர் சேவை எண்ணில், முதன்முதலில் பொருத்திய நாளிலிருந்துதான் வாரண்டி கணக்காகும், கடையில் பேசுங்கள் என்றார்கள். ரூ.3,900 வாங்கிய கூடுதல் வாரண்டி, மெஷின் தயாரித்த நிறுவனத்துடையதே அல்ல, எங்கோ இருக்கும் மூன்றாவது நிறுவனத்துடையது. அவர்கள் பில்லை அனுப்பச் சொன்னார்கள். பில்லில் சீரியல் எண்ணுக்கான கட்டம் காலியாக இருப்பதால் இந்த மெஷினுக்கும் அந்தத் திட்டத்துக்கும் தொடர்பில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டது அதே கடைதான்! ஒரே ஒரு எண்ணை எழுதாமல் விட்டு மூன்று கதவுகளையும் சாத்திவிட்டார்கள். எங்களை அக்கா என்று அழைத்த அந்தத் தம்பிக்கு அழைத்தபோது, "மேடம், நான் இப்ப வேற பிராஞ்ச்" என்று சொல்லித் துண்டித்தார்.

விடாமல் மேலாளரிடம் மறுபடி பேசியபோது, பெங்களூர் போர்வெல் தண்ணீர்தான் காரணம், எல்லா வீட்டிலும் மெஷின் இப்படித்தான் போகிறது என்று புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். எங்கள் குடியிருப்பில் காவிரித் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் கலந்து வருவது உண்மை. ஆனால் சர்வீஸ் ஊழியர் ஹீட்டரை வெளியே இழுத்துக் காட்டியபோது, அதன் கம்பி தெரியாத அளவுக்கு வெள்ளை உப்பு பட்டை பட்டையாகப் படிந்திருந்தது. கடினத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு பெரும்பாலும் தண்ணீரைச் சூடாக்கும்போதுதான் ஹீட்டரில் அப்படி இறுகிப் படியும். நாங்கள் இந்த மெஷினில் ஒரு நாள்கூட வெந்நீர் வைத்துத் துவைத்ததில்லை. அப்படியானால் அந்த உப்பு யார் வீட்டு உப்பு? இதற்கு மேலாளரிடமிருந்து வந்த பதில், பில்லின் கீழே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்திருப்பதைப் படியுங்கள் என்பதுதான். அப்படி அச்சடித்துவிட்டால் சட்டம் இல்லாமல் போய்விடாது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. பழையதைப் புதியது என்று சொல்லி விற்பதும் அதே பட்டியலில் இருக்கிறது.

ரூ.37,500 என்பது எங்கள் வீட்டுக்குச் சின்னத் தொகை அல்ல. இப்போது அதன்மேல் இன்னும் பதினான்காயிரம் கேட்கிறார்கள்.

எந்த மெஷின் நீடிக்கும் என்று எழுத நினைத்தவற்றில் இவற்றை மட்டும் அவசரமாகச் சொல்கிறேன். பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பெட்டி இல்லாமல் வந்தால் வீட்டுக்குள் ஏற்றவே விடாதீர்கள். பெட்டியிலும், மெஷினிலும், பில்லிலும் ஒரே சீரியல் எண் இருக்கிறதா என்று பார்த்து, மூன்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த எண்ணை நீங்களே நிறுவனத்துக்கு அழைத்துச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே யார் பெயரிலாவது இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். எத்தனை நாள் ஆனாலும் நிறுவனத்தின் ஆள் வந்தே பொருத்தட்டும். பத்து ஆண்டு வாரண்டி என்றால் எந்தப் பாகத்துக்கு என்று கேளுங்கள். பேரிங்கைத் தனியாக மாற்ற முடியுமா, முழு டப்பையும் மாற்ற வேண்டுமா என்று வாங்கும் முன்பே சர்வீஸ் சென்டரில் விசாரியுங்கள், கடையில் விசாரிக்காதீர்கள். கடை விற்கும் கூடுதல் வாரண்டியின் பக்கமே போகாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான்: ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. சர்வீஸ் ஊழியர் எழுதிக் கொடுத்த அறிக்கையையும், ஹீட்டரின் படத்தையும், அந்த நீலப் பொத்தானையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அதே கடையிலோ வேறு கடையிலோ யாருக்காவது இப்படி நடந்திருந்தால், பில்லில் சீரியல் எண் எழுதப்பட்டிருந்ததா என்பதை மட்டும் பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.